பலன் தெரியும்வரை

அவர் வாங்கின் ஓரத்தில் இருந்தார். முழங்கால்கள்மேல் இரண்டு கைகளும் கவிழ்ந்து கிடந்தன. கயிறு பிடித்துப் பிடித்துத் தடித்த விரல்கள். ஓர் ஈ வந்து புறங்கையில் உட்கார்ந்தது, மணிக்கட்டுவரை நடந்தது, திரும்பியது. அவர் விரட்டவில்லை. பக்கத்தில் இருந்த மனைவிதான் சேலைத் தலைப்பால் விசிறிவிட்டார்.

சிலாபப் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் மனநல கிளினிக் அது. காலை எட்டு மணிக்கே வாங்குகள் நிறைந்துவிடும். என் பெரியம்மா பல வருடமாக அங்கே கிளினிக் கொப்பி வைத்திருப்பவர். அவருக்குத் துணையாக நான் போவதுண்டு. துணைக்குப் போகிற ஆளுக்குப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேலை கிடையாது. வெக்கைக்காக டொக்டரின் அறைக்கதவைத் திறந்தே வைத்திருப்பார்கள். கதவோரத்து வாங்கில் இருப்பவருக்கு உள்ளே பேசுவது கேட்கும். அப்படிப் பார்த்ததும் கேட்டதும்தான் இது. இன்னார் என்று தெரியாதபடி ஊர், உறவு, வேறு சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருடைய மணிக்கட்டில் புதிதாகக் கட்டிய நூல் இருந்தது. நெற்றியில் அழிந்தும் அழியாமலும் திருநீறு. முன்னேஸ்வரத்துக்குப் போய்விட்டு வந்திருக்கிறார்கள். அந்தக் கிளினிக்கில் இது புதினமில்லை. தமிழரோ சிங்களவரோ, வாங்கில் இருப்பவர்களில் பாதிப் பேரின் கையில் ஏதாவது ஒரு நூல் இருக்கும்.

சிலாபத்திலிருந்து வாரியப்பொல வீதியில் கொஞ்சத் தூரம் போனால் முன்னேஸ்வரம். வடிவாம்பிகை சமேத முன்னைநாதர் கோவில், ஐயனார் கோவில், தனியே பத்திரகாளி கோவில். வருகிறவர்களில் பெரும்பான்மையோர் சிங்கள பௌத்தர்கள். காளி கோவிலுக்குப் பலர் வருவது நீதி கேட்டு. நகை களவு போயிருக்கும், காணியை எவரோ எல்லை தள்ளிப் பிடித்திருப்பார்கள், புருஷன் வேறு வீடு தேடிப் போயிருப்பான். பூசாரி முறைப்பாட்டைக் கேட்டு அம்மனிடம் எடுத்துச் சொல்வார். தேங்காய் ஓங்கி அடிபடும், தேசிக்காய் வெட்டுப்படும். மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர முன்னேஸ்வரம், சீனிகம போன்ற இடங்களுக்கு இப்படி வருகிறவர்களை ஆராய்ந்து 1975-இல் ஒரு கட்டுரை எழுதினார். கத்தியைத் தூக்க வைத்திருக்கக்கூடிய ஆத்திரம் இங்கே சடங்கில் இறங்கி வடிகிறது என்பது அதன் சாரம். கோவில் வாசலில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தவர் எவரும் இதை மறுக்க மாட்டார். தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்புகிற முகம் வேறு முகம்தான்.

ஆனால் வாங்கின் ஓரத்தில் இருந்தவருடைய முகத்தில் எதுவும் வடிந்த மாதிரி இல்லை.

அவருடைய நம்பர் வந்ததும் தாதி மிஸ்ஸி பெயரைக் கூப்பிட்டார். டொக்டர் எழுந்து வந்து வாசலில் நின்றார். சிங்களப் பெண்மணி, கிழக்கில் சில வருடம் வேலை செய்து பழகிய தமிழ். புது ஆட்கள் வரும்போதெல்லாம் அவர் வாசலுக்கு வருவதைப் பார்த்து, மரியாதைக்குத்தான் வருகிறார் என்று நினைத்திருந்தேன். மரியாதையும்தான். ஆனால் அவருடைய கண், ஆள் வாங்கிலிருந்து எழும்புவதையும் நடந்து வருவதையும் அளந்துகொண்டிருந்தது. பெயர் காதில் விழுந்ததற்கும் தலை நிமிர்ந்ததற்கும் நடுவில் ஓர் இடைவெளி. தலை நிமிர்ந்ததற்கும் எழும்பியதற்கும் நடுவில் இன்னும் நீண்ட இடைவெளி. கால் தூக்கி வைத்த நடையாக இல்லை, இழுத்து வந்த நடை. பத்தடித் தூரத்தைக் கடக்க அவருக்கு எடுத்த நேரத்தில், பாதிச் சோதனை முடிந்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். இந்த நோயைக் காட்டித் தருகிற இரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. கண்ணும் காதும் சரியான கேள்வியும்தான் கருவி.

"என்ன ஐயா கஷ்டம்?"

"நெஞ்சு எரியுது." வெகு நேரம் கழித்து, "உடம்பெல்லாம் நோகுது. பெலன் இல்ல."

மனைவி பிளாஸ்டிக் பையைத் திறந்து மேசையில் கொட்டினார். ஈசீஜீ எடுத்த தாள்கள், கெஸ்ட்ரைட்டிஸுக்கு எழுதிய துண்டுகள், நோவுக்குக் கொடுத்த குளிசை அட்டைகள். மூன்று மாதமாக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்த வரலாறு அந்தப் பைக்குள் இருந்தது. டொக்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். ஒன்றையும் தள்ளி வைக்கவில்லை. 'உங்களுக்கு வருத்தம் ஒன்றுமில்லை' என்று அவர் ஒருவரிடமும் சொல்லிக் கேட்டதில்லை. நெஞ்சு எரிகிறது என்றால் எரிகிறதுதான்.

மனம் நொந்தவர் உடம்பை முன்வைத்துப் பேசுவது எங்கள் கரையோரத்துக்கு மட்டும் உரியதன்று. ஆர்தர் கிளைன்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1982-இல் சீனாவின் ஹுனான் மாகாணத்து ஆய்வொன்றை வெளியிட்டார். நரம்புத் தளர்ச்சி என்று குறித்து, தலைவலி, களைப்பு, நித்திரையின்மை என்று வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த 100 பேரை அவர் பொறுமையாக விசாரித்தபோது 87 பேரிடம் கடும் மனச்சோர்வின் இலக்கணம் பொருந்தி வந்தது. அவர்கள் ஒளிக்கவில்லை. எதைச் சொன்னால் வைத்தியர் காது கொடுப்பார் என்று தெரிந்ததோ அதைச் சொன்னார்கள். மற்றதை எவரும் கேட்கவில்லை.

இங்கே கேட்டார்கள்.

"எத்தனை மணிக்கு முழிப்பு வருது ஐயா?"

"ரெண்டரை... மூணு."

மனைவி இடைமறித்தார். "கரைவலை இழுக்கிற ஆள், டொக்டர். விடியாமல் எழும்பிப் பழக்கம்தானே."

"எழும்பி என்ன செய்வார்?"

மனைவி யோசித்தார். அந்தக் கேள்வியை அவர் தன்னிடமே கேட்டுப் பார்த்ததில்லை என்று முகத்தில் தெரிந்தது. "ஒண்டும் செய்யிறேல்ல. இருட்டுக்குள்ள சும்மா இருப்பார்."

டொக்டர் எழுதினார். விடியவா மோசம், பின்னேரமா? விடியத்தான், பின்னேரம் கொஞ்சம் பரவாயில்லை. சாப்பாடு? வைத்தால் வைத்தபடி. காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை, கயிறு கட்டியிருக்கிறார். தவறணைக்குப் போவாரா? முந்திப் போவார், இப்போது அதுவும் இல்லை. எப்போதாவது இதற்கு நேர்மாறாக, நித்திரையே இல்லாமல் களைப்பும் தெரியாமல், அளவுக்கு மிஞ்சிய உற்சாகத்தில் காசை அள்ளி இறைத்த காலம் உண்டா? இல்லை. இந்தக் கடைசிக் கேள்வி சும்மா கேட்பதல்ல. அப்படி ஒரு காலம் இருந்திருந்தால் நோயே வேறு. சோர்வுக்கான குளிசையைத் தனியே கொடுத்தால் ஆளை மறுபக்கத்துக்குத் தள்ளிவிடக்கூடும்.

"அம்பா எடுத்துக் குடுக்கிறது இவர்தான்," என்றார் மனைவி. "வலை வளைச்சு இழுக்கேக்க இவரின்ட குரலுக்குத்தான் கரையில எல்லாரும் இழுப்பாங்க. இப்ப வாயே திறக்கிறேல்ல."

"பாட விருப்பமில்லையா ஐயா?"

"விருப்பம் என்டு ஒண்டும் வருகுதில்ல, டொக்டர்."

அதைச் சொல்லும்போது குரலில் முறைப்பாடு இல்லை. எங்கள் பக்கத்துக் கரைவலை ஊர்களில் அம்பாப் பாட்டு தொழிலின் தாளம். முதல்வரியை எடுத்துக் கொடுப்பவர் நிறுத்தினால் கயிற்றில் கைகள் பிசகும். அந்தக் குரல்காரருக்கு விருப்பம் என்ற ஒன்றே உள்ளே வரவில்லை.

பிறகு மனைவி தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். வெள்ளிக்கிழமை காளி கோவிலில் கேட்டுப் பார்த்தார்களாம். ஆரோ செய்வினை செய்திருக்கிறார்கள், தொழில் போட்டியில் என்று சொன்னார்களாம். டொக்டர் முகம் சுளிக்கவில்லை. "சரி. நூல் கட்டினீங்களா? நல்லது," என்றார்.

அப்போதுதான் கரைவலைக்காரர் ஒருவரும் கேட்காமலே வாய் திறந்தார். "எனக்கு ஆரும் ஒண்டும் செய்யேல்ல. நான்தான் செஞ்சது."

டொக்டரின் பேனை நின்றது. "என்ன செஞ்சீங்க ஐயா?"

பல வருடத்துக்கு முன் ஒரு கூட்டாளியிடம் மடிக்கயிறு வாங்கக் கைமாற்றாக எடுத்த 2000 ரூபா. திருப்பிக் கொடுக்க முந்தி அவர் இறந்துவிட்டார். அந்தக் காசுதான் இப்போது தன் வீட்டைத் தின்கிறது. பிள்ளைகள் தலையெடுக்க மாட்டார்கள். வலையில் மீன் படாததும் அதனால்தான். சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. மனைவி திகைத்துப் போய்ப் பார்த்தார். இத்தனை மாதத்தில் இதை அவர் கேள்விப்பட்டதில்லை.

கோவில் அவருக்கு ஓர் எதிரியைக் கொடுத்துப் பார்த்தது. அவர் வாங்கிக்கொள்ளவில்லை. கோபம் உள்ளவருக்குத்தான் எதிரி உதவுவான். இவருக்குள் கோபம் முழுவதும் தன்பக்கம் திரும்பி நிற்கிறது. மனச்சோர்வு முற்றும்போது, எவரும் மறந்துவிடக்கூடிய ஒரு பழைய தவறு கிளறி எடுக்கப்பட்டு, ஒரு குடும்பத்தையே அழிக்கும் பாவமாக வீங்கிவிடுகிறது. பேனை நின்றது அதனால்தான் என்று பின்னால் விளங்கியது. நெஞ்செரிவும் நித்திரையின்மையும் பத்து நோயில் வரும். இந்த அளவுக்குப் பெருத்த குற்றவுணர்வு, விடியப்புற முழிப்பு, மந்தமான நடை, ருசியிழந்த வாழ்வு ஆகிய எல்லாம் சேர்ந்து ஒரே திசையைக் காட்டின.

முன்னேஸ்வரத்தின் தலபுராணமே இப்படி ஒருவரைப் பற்றியது. இராவணனைக் கொன்று வெற்றியோடு புட்பக விமானத்தில் திரும்பிய இராமனைப் பிரம்மகத்தி தோஷம் துரத்தியது. வென்ற போருக்கான குற்றவுணர்வு. முன்னேஸ்வரத்துக்கு மேலே வந்தபோதுதான் அது தன்னைத் தொடரவில்லை என்று உணர்ந்து இறங்கினான் என்கிறது கதை. அத்தோடு கதை முடியவில்லை. நான்கு இடங்களில் இலிங்கம் வைத்து வழிபடும்படி ஈசன் சொல்கிறார். தெதுறு ஓயாக் கரையின் மானாவரி முதலாவது. பிறகு திருக்கேதீஸ்வரம், திருக்கோணேஸ்வரம், இராமேஸ்வரம். ஆறுதல் கிடைத்த இடத்திலேயே நோன்பு முடிந்துவிடவில்லை. போகவேண்டிய தூரம் அங்கேதான் தொடங்குகிறது. இந்தக் கதையை முதலில் சொன்னவர்கள் மனித மனத்தை அறிந்தவர்கள்.

மிஸ்ஸி ஒரு தாளை எடுத்து ஒன்பது கேள்விகளில் எட்டைக் கேட்டு அடையாளம் போட்டார். உலகெங்கும் பாவிக்கிற தாள்தான்; 2001-இல் வெளியானது. கடந்த இரண்டு கிழமையில் இது எத்தனை நாள், அது எத்தனை நாள் என்று போகும். ஒன்பதாவது கேள்வியை மட்டும் டொக்டர் தானே கேட்டார். நாற்காலியைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஐயா, செத்துப்போனா நல்லம் என்டு நினைக்கிறதா?"

அறையில் மின்விசிறிச் சத்தம்.

"நினைக்கிறதுதான்."

டொக்டர் மனைவியிடம் கொப்பியைக் கொடுத்து மிஸ்ஸியிடம் பதிந்துவரச் சொன்னார். மனைவி போனதும் கதவைச் சாத்தினார். பிறகு அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. கதவு திறந்தபோது அவருடைய முகம் ஈரமாக இருந்தது. வந்ததிலிருந்து அந்த முகத்தில் நான் கண்ட முதல் அசைவு அது.

இப்படி நேராகக் கேட்டால் இல்லாத நினைப்பைக் கிளப்பிவிடும் என்று படித்தவர்களே பயப்படுகிறார்கள். கிளப்பாது. பல நாள் தனியாகச் சுமந்ததை இன்னொரு ஆள் பெயர் சொல்லிக் கேட்டதில் ஆட்கள் ஆறுதலடைவதைத்தான் நான் கண்டிருக்கிறேன். ஆய்வுகளும் அதையே சொல்கின்றன.

மனைவி திரும்பி வந்ததும் டொக்டர் கேட்டது: "வீட்டில பூச்சி மருந்து இருக்கா அம்மா?" தோட்டத்துக்கு அடிக்கிறது ஒரு போத்தல் இருக்கிறதாம். "இண்டைக்கே அது வீட்டை விட்டுப் போகோணும். குளிசையும் உங்கட கையில. இவருக்கு நாளுக்கு நாள் எடுத்துக் குடுங்க." மருந்துச் சீட்டில் இரண்டு கிழமைக்கு மேல் எழுதவில்லை.

இந்த ஒரு போத்தல் கேள்விக்குப் பின்னால் ஒரு நாட்டின் வரலாறு இருக்கிறது. 1995-இல் இலங்கையில் ஓர் இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அன்று உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. அந்த வருடமே மிகக் கொடிய பூச்சிகொல்லிகள் சில தடைசெய்யப்பட்டன, 1998-இல் எண்டோசல்ஃபான், 2008 முதல் 2011 வரை பராகுவாட் என்ற களைகொல்லி உட்பட இன்னும் மூன்று நஞ்சுகள். இருபது வருடத்தில் விகிதம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த சட்டமும் 1998-இல் எடுக்கப்பட்டது. துயரம் குறைந்துவிட்டதென்று சொல்ல மாட்டேன். அந்த ஒரு கெட்ட மணித்தியாலத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாதபடியால் பல்லாயிரக்கணக்கான வீடுகளில் மறுநாள் விடிந்தது. கொள்கை என்று ஒன்றை நான் மனதாரக் கும்பிடுவதென்றால் அதைத்தான் கும்பிடுவேன்.

ஒபயசேகர 1985-இல் இன்னொரு கட்டுரை எழுதினார். எல்லாம் நம்பிக்கையற்றது, வாழ்வே துன்பம் என்று சொல்கிறவரை மேற்கில் நோயாளி என்பார்கள், இலங்கையில் அவர் ஒரு நல்ல பௌத்தராக இருக்கக்கூடும் என்றார். கூர்மையான எச்சரிக்கை, எங்கள் சனத்தின் சமயத்தை நோயென்று எழுதிவிடக் கூடாது என்ற அக்கறையும் அதில் உண்டு. ஆனால் அந்த வாங்கில் இருந்து பார்த்த எனக்கு வேறொன்றும் தெரிகிறது. வாழ்வு துன்பமென்று கண்ட துறவி சாப்பிடுகிறார், நித்திரை கொள்கிறார், வந்தவரைப் பார்த்துச் சிரிக்கிறார். ஈ மொய்த்தால் கையை அசைக்கிறார். இந்த மனிதர் எந்தத் தத்துவத்துக்கும் வந்து சேரவில்லை. அவரால் கையை அசைக்க முடியவில்லை.

துக்கம் எல்லாருக்கும் உண்டு. எல்லாவற்றுக்கும் குளிசை எழுதுகிற டொக்டரும் அல்ல இவர். அன்று காலை இன்னொரு பெண், தாய் இறந்து ஒரு மாதம், அழுதபடி வந்தார். அவரை அழவிட்டு, தாயைப் பற்றிக் கேட்டு, குளிசை எழுதாமல் அனுப்பினார். அந்தப் பெண் தாயின் சமையலைச் சொல்லும்போது இடையில் ஒருமுறை சிரித்தார். அலை வந்தது, போனது. கரைவலைக்காரருக்கோ அலையே இல்லை, ஒரே மட்டம். சோர்வு இரண்டு கிழமை நீடிக்க வேண்டும் என்ற கணக்கை வைத்தியப் புத்தகம் சொல்கிறது. அதைவிட முக்கியம், அந்த இரண்டு கிழமையில் பெரும்பாலான நாள், நாளின் பெரும்பாலான நேரம் அப்படியே இருந்ததா என்பது. கொழும்பு மாவட்டத்தில் நடந்த ஒரு பெரிய ஆய்வு, வாழ்நாளில் மனச்சோர்வு கண்டவர்கள் நூற்றுக்கு 6.6 என்றது. அன்றாட வேலை கெட்டுப்போயிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டுப் பார்த்தால் 11.2. இந்த இரண்டுக்கும் இடையில் இருப்பவர்கள், உள்ளே இருண்டபடியே உலை வைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, வேலைக்கும் போய் வருகிறவர்கள். அவர்கள் கிளினிக் வாங்குக்கு வருவதேயில்லை.

கரைவலைக்காரருக்குத் தைரொயிட், இரத்தச்சோகை, சீனி மூன்றுக்கும் இரத்தம் எடுக்க டொக்டர் எழுதினார். தைரொயிட் குறைந்தாலும் ஆள் இப்படித்தான் மந்தமாவார். பிறகு மருந்தைப் பற்றிச் சொன்ன விதம் எனக்கு மனப்பாடம்.

"ஃபுளுவோக்செட்டின் 20 மில்லிகிராம். காலையில ஒண்டு. முதல் கிழமை வயித்தைப் பிரட்டும். கொஞ்சம் பதட்டம் கூடும். அதுக்குப் பயந்து நிப்பாட்ட வேணாம், அது போயிடும். ரெண்டு மூணு கிழமைக்குப் பலன் ஒண்டும் தெரியாது. தெரியாது. விளங்குதா? பிறகுதான் தெரியும்."

தெரியாது என்பதை இரண்டு முறை சொன்னார்.

இந்த நோயின் வைத்தியத்தில் மிக ஆபத்தான இடம் இதுதான் என்பதை அங்கே இருந்து இருந்துதான் அறிந்தேன். முதல் குளிசைக்கும் முதல் பலனுக்கும் இடையிலுள்ள அந்தக் கிழமைகள். 1957-இல் சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் இந்த நோய்க்கான முதல் மருந்துகளில் ஒன்றான இமிப்ரமீனைப் பற்றி அறிவித்தார். அதன்பின் எத்தனையோ மருந்துகள் வந்துவிட்டன. எங்கள் ஆஸ்பத்திரிகளில் கிடைக்கிற எதிலும் இந்தக் காத்திருப்பு பெரிதாகச் சுருங்கவில்லை. தொல்லை முதல் நாளே வருகிறது, நன்மை மூன்றாம் கிழமை வருகிறது. நம்பிக்கை முற்றாக வற்றிய ஆளிடம்தான், வேறெவரிடமும் கேட்காத அளவு நம்பிக்கையைக் கேட்கிறோம். பலர் ஐந்தாம் நாள் குளிசையை எறிந்துவிடுகிறார்கள். 'அங்கொடைக்குப் போறவன்' என்று ஊரில் ஒரு வாய் சொல்லிவிட்டால் மூன்றாம் நாளே எறிவார்கள். அங்கொடையின் மனநோய் ஆஸ்பத்திரி 2008-இல் தேசிய மனநல நிறுவகமாகிவிட்டது; அங்கிருந்து 1926 என்ற இலக்கத்தில் எந்த நேரமும் பேச ஆள் இருக்கிறது. ஊர் வாயில் அந்தப் பெயரின் பழைய பயம் இன்னும் போகவில்லை.

"கோவிலுக்குப் போகலாமா டொக்டர்?" என்றார் மனைவி.

"போங்க. குளிசை குடிச்சிட்டுப் போங்க."

இதில் எனக்கு முழு உடன்பாடு. தமிழ்நாட்டில் முத்துசாமி கோவில் என்ற ஒரு சிறு கோவிலில் வந்து தங்கிய கடும் மனநோயாளர் 31 பேரை ரகுராம் முதலிய ஆய்வாளர்கள் தொடர்ந்து பார்த்து 2002-இல் எழுதினார்கள். உறவினர் ஒருவர் கூடவே தங்குவார். எளிய பூசை, கோவிலின் சின்னச் சின்ன வேலைகள். அடி உதை சங்கிலி கிடையாது. சராசரி ஆறு கிழமையில் அறிகுறிகளின் அளவு ஏறத்தாழ 20 சதவீதம் இறங்கியிருந்தது. முந்திய வருடம், 2001 ஆகஸ்ட் 6 அன்று, அதே தமிழ்நாட்டின் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் வெந்து இறந்தார்கள். இரண்டு இடத்துக்கும் நம்பித்தான் வந்தார்கள். ஓரிடத்தில் கூட இருக்க ஆள் இருந்தது, மற்ற இடத்தில் சங்கிலி இருந்தது.

அடுத்த கிளினிக்கில் அவர்களோடு மூன்றாவதாக ஓர் ஆள் வந்திருந்தார். மனைவியின் தமையன். கட்டையான, வாய் அதிகம் பேசாத மனிதர்.

"குளிசை சரிவருகுதில்ல," என்றார் நோயாளி. முகம் பழையபடிதான்.

"ஆனா டொக்டர், முந்தாநாள் தானாக முகம் வழிச்சார்," என்றார் மனைவி.

டொக்டர் அதைக் கொப்பியில் எழுதினார். தேறுவதை நோயாளிக்கு முன்பு வீட்டார்தான் காண்பார்கள். கையும் காலும் முதலில் விழிக்கும், மனம் பின்னால் வரும். அதனால் அந்த ஒன்பதாவது கேள்வியை அன்றும் கேட்டார், இம்முறை கதவைச் சாத்திக்கொண்டு. நினைப்பு இருக்கையில் பெலன் மட்டும் திரும்பி வருகிற நாட்கள் கவனமாகக் கடக்கவேண்டிய நாட்கள்.

வெளியே வந்ததும் மிஸ்ஸி தமையனிடம் இரவில் ஆர் துணை என்று விசாரித்தார்.

"நான் அவங்கட விறாந்தையிலதான் படுக்கிறது. ரெண்டரை மூணுக்கு மச்சான் எழும்பினா நானும் எழும்புவன்."

"எழும்பி?"

"ஒண்டும் கதைக்கிறேல்ல. தேத்தண்ணி வைப்பன். ரெண்டு பேரும் குடிப்பம். விடியும்."

இதைச் சிகிச்சை என்று எந்தக் கொப்பியிலும் எழுத மாட்டார்கள். எழுத வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஃபுளுவோக்செட்டின் வேலை செய்யத் தொடங்கும்வரை அந்த ஆளை இந்தக் கரையில் பிடித்து வைத்திருந்தது அந்தத் தேத்தண்ணி. தமையன் புத்தி சொல்லவில்லை, மனதைத் தைரியமாக வைத்திரு என்று சொல்லவில்லை. மனத்தைத் தைரியமாக வைக்க முடியாததுதான் நோய் என்று எவரும் அவருக்குப் படிப்பிக்கவும் இல்லை.

டொக்டர் அன்று இன்னொன்றும் எழுதினார். "வலை இழுக்க வேணாம். கரைக்குப் போங்க, இருந்து பாருங்க. பிறகு அறுந்த வலையில கொஞ்சம் தையுங்க. விருப்பம் வரட்டும் என்டு காத்திருக்க வேணாம் ஐயா. செய்யச் செய்யத்தான் விருப்பம் வரும்." கேட்க மிகச் சாதாரணமாக இருக்கிறது. கோவாவில் விக்ரம் பட்டேலின் குழு, மருத்துவம் படிக்காத உள்ளூர் ஆட்களுக்கு இதே முறையைப் பயிற்றுவித்து, ஆறு எட்டுச் சந்திப்புகளில் கடுமையான மனச்சோர்வையும் கணிசமாகக் குறைக்கலாம் என்று 2017-இல் காட்டியது. மனநல மருத்துவர்கள் அரிதாக உள்ள எங்களைப் போன்ற நாடுகளுக்கு அதைவிடப் பெரிய செய்தி அண்மையில் வந்ததாக நான் அறியேன்.

எல்லாரும் முதல் மருந்திலேயே எழும்புவதில்லை. அமெரிக்காவில் 2006-இல் வெளியான மிகப் பெரிய ஆய்வில், முதல் மருந்தோடு முழுதாகத் தேறியவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். மற்றவர்களுக்கு அளவைக் கூட்டி, மருந்தை மாற்றி, ஒன்றோடொன்று சேர்த்து என்று போகும். என் பெரியம்மாவுக்கு இரண்டாவது மருந்துதான் பிடித்தது. கதவுக்கு எதிர்ப்பக்கத்து வாங்கில் கைக்குழந்தையோடு ஒரு சின்னப் பெண் இருப்பார்; வீடு வீடாகப் போகும் குடும்பநல மாதுதான் அவர் குழந்தையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்து அனுப்பினாராம். அவருக்கு இன்னும் விடியவில்லை. சாப்பாடு தண்ணீர் இரண்டையும் விட்டுவிட்ட ஓர் ஆச்சியை வாட்டில் மறித்து, மயக்க மருந்து கொடுத்து மின்சிகிச்சை செய்தார்கள். 'கரண்ட் குடுக்கிறாங்களாம்' என்று வாங்கில் எல்லாரும் முணுமுணுத்தார்கள். சில கிழமை கழித்து ஆச்சி வெற்றிலை கேட்டு மகளோடு சண்டை பிடித்ததை நானே பார்த்தேன். 2022-இல் நாடு முழுக்க மருந்து தட்டுப்பாடாகி, குளிசையை வெளியில் வாங்கச் சொல்லித் துண்டெழுதிய மாதங்களில் இதே வாங்கில் எத்தனை பேர் பழைய இருட்டுக்குத் திரும்பினார்கள் என்பதையும் பார்த்தேன். ஒரு குளிசையின் விலையில் ஓர் ஆளின் வாழ்வு நிற்பது அநியாயம். அதை அநியாயம் என்றே எழுதுகிறேன்.

கரைவலைக்காரர் தேறினார். ஒரே நாளில் இல்லை. முதலில் நித்திரை நான்கு மணிவரை நீண்டது. பிறகு மீன்குழம்பில் புளி கூடிப்போனதென்று குறை சொன்னார். அதைச் சொல்லும்போது மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டும். வலை தைத்தார். ஒரு நாள் கயிற்றில் கை வைத்தார். அம்பா எடுத்தாரா என்று எனக்குத் தெரியாது; டொக்டரும் கேட்கவில்லை.

கடைசியாக நான் கண்டபோது அவர் பெயரைக் கூப்பிட முந்தியே எழும்பி நின்றார். உள்ளே போனதும் டொக்டர் கேட்டார்:

"அந்த மடிக்கயிறுக் காசு?"

"குடுத்திட்டன் டொக்டர். கூட்டாளியின்ட பொஞ்சாதியிட்டக் கொண்டுபோய்க் குடுத்தது. அந்த அக்காவுக்கு ஞாபகமேயில்ல."

"இப்ப எப்பிடி இருக்கு?"

"குடுக்க வேண்டிய காசுதானே. குடுத்தாச்சு." கொஞ்சம் நிறுத்தி, "அவ்வளவுதான்," என்றார்.

பிறகு எல்லாரும் கேட்பதைக் கேட்டார். சுகம் வந்துவிட்டது, குளிசையை நிறுத்தலாமா? டொக்டர் இல்லை என்று தலையாட்டினார். தேறிய பிறகும் ஆறு தொடக்கம் ஒன்பது மாதம் தொடர வேண்டும்; இடையில் விட்டால் திரும்பி வரும்; திரும்ப வந்தால் அடுத்த முறை வருடக்கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும்.

"முன்னேஸ்வரத் தேர் வரைக்கும்?"

"தேர் முடிஞ்சு வாங்க, பேசுவம். நிப்பாட்டுறதென்டாலும் ஒரேயடியா இல்ல, குறைச்சுக் குறைச்சுத்தான்."

மிஸ்ஸி கொப்பியில் அடுத்த திகதியைப் போட்டுக் கொடுத்தார். மனைவி வாங்கிப் பார்த்து, விரல் மடக்கிக் கணக்குப் பார்த்து, திரும்ப நீட்டினார்.

"மிஸ்ஸி, அண்டைக்கு எங்கட பாட்டுமுறை. இவர் வலைக்குப் போகோணும்."

மிஸ்ஸி அந்தத் திகதியை வெட்டி, அடுத்த கிழமைக்கு மாற்றி எழுதினார்.